இரண்டு போர்வையும் ஒரு கருவிப்பெட்டியும்

சிங்கப்பூர் என்னும் பெயர் ஒரு காலத்தில் அளவெட்டியிலே கொழும்பைக் காட்டிலும் அணித்தாக ஒலித்த பெயர். மலாய் நாட்டுப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராய்ப் பணியாற்றி, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய பெரியவர்கள் வலிகாமத்தின் எந்தக் கிராமத்திலும் இருந்தார்கள். அவர்கள் கப்பலேறும்பொழுது தகரப்பெட்டி, பாய், தலையணை, ஊறுகாய்ச் சாடி, பனாட்டு, பஞ்சாங்கம் ஆகிய அனைத்தும் உடன் சென்றனவாம். மூட்டை கட்டுவதிலே நம்மவர்க்கு நிகர் நம்மவரே.

அதே சிங்கப்பூரில், 1931ஆம் ஆண்டு யூலை மாதம் 7ஆம் நாள், குயின் வீதியிலே இந்தியர் பலர் கூடி நின்று ஒரு மனிதரை வழியனுப்பினார்கள். அவர் ஏறிச் சென்றது கப்பலன்று, துவிச்சக்கரவண்டி. சென்ற இடமோ உலகம். அவரிடம் இருந்த பொருள்களை ஒரு மூச்சிற் சொல்லிவிடலாம்: ஒரு சோடிச் செருப்பு, இரண்டு போர்வைகள், வண்டியைப் பழுதுபார்க்கும் கருவிகள் அடங்கிய ஒரு பெட்டி. உலகைச் சுற்றும் இந்து யாத்திரிகன் எனப் பொருள்படும் ஆங்கில வாசகம் ஒன்று வண்டியிலே எழுதப்பட்டிருந்தது. அம்மனிதரின் பெயர் இராம்நாத் பிஸ்வாஸ். வங்காளத்திலே பயண நூல் படிப்போர் எல்லோரும் அறிந்த அப்பெயர், தமிழ் படிப்போரிடையே பெரிதும் வழங்காமற் போனது குறையே.

இராம்நாதர் 1894ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள், அக்காலத்தில் அசாம் மாகாணத்தோடு சேர்ந்திருந்த சில்ஹெட் மாவட்டத்துப் பானியாசோங் என்னும் ஊரிலே பிறந்தார். உலகிலேயே பெரிய கிராமம் தங்களுடையதே என்று அவ்வூரார் பெருமை பேசுவது வழக்கம். இன்று அது வங்கதேசத்து ஹபிகஞ்ச் மாவட்டத்தில் இருக்கின்றது. ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. தந்தையாரின் மரணமே அதற்குக் காரணம். பின்னர் ஹபிகஞ்ச் பட்டினத்திலே வேலைக்கமர்ந்தார். அங்கேதான் மோட்டார் வண்டி ஓட்டவும் சைக்கிள் ஓட்டவும் பழகினார். வெள்ளையராட்சியை எதிர்த்து மறைவாக இயங்கிய அனுசீலன் சமிதியிலும் சேர்ந்தார். அத்தொடர்பு வெளிப்பட்டதும் வேலை போயிற்று. முதலாம் உலகப் போரில் வங்காளிப் படையிற் சேர்ந்து மெசொப்பொத்தேமியா சென்றார். 1924இல் மலாயாவில் உத்தியோகம் கிடைத்தது. நம் ஊர் எழுதுவினைஞர்கள் பதிவேட்டிலே கணக்கெழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே நாட்டில், முப்பது வயதைத் தாண்டிய இந்த வங்காளி வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கணக்கைப் பற்றியே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். ஏனெனில் அண்மையில் எங்களூர்ச் சைக்கிள் திருத்தும் கடையொன்றிலே ஓர் இளைஞரைக் கண்டேன். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை, இலங்கையின் வடகோடி தொடங்கித் தென்கோடி ஈறாகச் சைக்கிளிற் செல்லவேண்டும் என்பது அவர் ஆசை. கையிலிருந்தது தகப்பனார் விட்டுச்சென்ற பழைய வண்டி. புதிய வகை வண்டிகளின் விலையைக் கேட்டு மனமுடைந்து நின்றார். வெளிநாட்டு வண்டி, இருபதுக்கு மேற்பட்ட கியர், நீர் புகாத பைகள், விசேஷமான சீற், விசேஷமான உடை என்று அவர் சொன்ன பட்டியல் முடிவதாயில்லை. அப்பட்டியலைக் கேட்டபொழுதுதான் இராம்நாதருடைய மூன்று பொருள்கள் என் நினைவுக்கு வந்தன.

இராம்நாதரைப் பற்றி நான் படித்த வரலாறுகளிலே ஒரு விசித்திரம் உண்டு. அவர் ஏறிச் சென்ற வண்டி எந்தக் கம்பனியில் வார்க்கப்பட்டது என்று எவரும் சொல்வதில்லை. மூட்டையில் என்ன இருந்தது என்பதை மாத்திரம் எல்லோரும் சொல்கின்றனர். நெடும்பயணத்துக்குச் சைக்கிளைச் சித்தஞ்செய்வது என்பதன் சூட்சுமமே இதிலிருக்கின்றது என்பேன். வண்டி ஏறக்குறைய எதுவாயினும் ஆகுக. ஏற்றும் பாரம் எது, பழுதானால் திருத்துவது எப்படி என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தவன் போய்ச் சேருவான்.

அக்காலத்துச் சாதாரண வண்டியை நம்மிற் பலர் அறிவோம். இங்கிலாந்திலிருந்து வந்த ராலி, ஹம்பர், றட்ஜ் என்பன எங்கள் ஒழுங்கைகளில் ஓடின. 28 அங்குலச் சில்லு, இரும்பு றிம், கம்பிக்குப் பதிலாக இரும்புத் தண்டுகளால் இழுபடும் பிறேக், தோற் சீற், பின்னால் ஒரு கரியர். நிறை ஏறத்தாழ 20 கிலோ. ஓடுவதிலே அவசரம் இல்லை. உடைவதிலும் அவசரம் இல்லை. இவ்வகை வண்டியிலே பாரம் ஏற ஏற முதலிலே துன்பப்படுவது பின்சில்லு. ஏறியிருப்பவனின் நிறையிலே பெரும்பங்கும் கரியரின் நிறை முழுவதும் அதன் கம்பிகளிலேயே தங்குகின்றன. குழியொன்றில் விழும்பொழுது ஒரு கம்பி அறும். அதை உடனே மாற்றாவிடின் பக்கத்துக் கம்பி அறும். பிறகு றிம் நெளியும். பிறேக் கட்டை உராயும். பயணம் அவ்விடத்தோடு நிற்கும். இரண்டு போர்வையோடு புறப்பட்டவனுடைய பின்சில்லுக்கு இந்த விதி அணுகுவது மிகவும் பிந்தியே.

இரண்டு போர்வை என்பதையும் இலேசாக எண்ணலாகாது. ஒன்றை விரிக்கலாம், ஒன்றைப் போர்த்தலாம். வெயிலில் தலைப்பாகை, மழையில் முக்காடு, குளத்தடியில் மாற்றுடை, சந்தையிற் பொருள் கட்டும் துணி என அவை எடுக்கும் அவதாரங்கள் பல. ஒரே பொருள் நான்கு தொழிலுக்கு உதவுமானால் மூன்று பொருளின் நிறை மிச்சம். 1884ஆம் ஆண்டிலே, முன்சில்லுப் பெருத்துப் பின்சில்லுச் சிறுத்த பழைய வகை வண்டியிற் சான்பிரான்சிஸ்கோப் பக்கமிருந்து புறப்பட்டு, 1886 திசம்பரில் யோக்கோகாமா சென்றடைந்த தோமஸ் ஸ்ரீவன்ஸ் என்பவரும் இவ்வழியே நின்றார். காலுறையும் மாற்றுச் சட்டையும், கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்படும் மழையங்கி ஒன்றும் அவர் கொண்டு சென்றார். கைத்துப்பாக்கி ஒன்றும் வைத்திருந்தார். இராம்நாதர் பெட்டியிலே துப்பாக்கி இருந்ததாகச் செய்தி இல்லை. ஆளும் சாதியைச் சேர்ந்தவனுக்கும் ஆளப்படும் நாட்டினனுக்கும் உள்ள வேறுபாடு மூட்டையிலும் தெரிந்தது போலும்.

அவருடைய கருவிப்பெட்டியைத் திறந்து பார்த்தவன் நானல்லன். எனினும் நெடுவழிச் சைக்கிள்காரனின் பெட்டியில் இன்றியமையாதன எவை என்பது வண்டியின் அமைப்பிலிருந்தே விளங்கும். ரியூப்பை ஒட்டும் ரப்பர்த் துண்டுகளும் சொலூசனும், தேய்க்கும் அரத்தாளும், ரயரைக் கழற்றும் தகடுகள் இரண்டும், காற்றடிக்கும் பம்பும், கம்பிகளை இறுக்கும் சிறு சாவியும் மாற்றுக் கம்பிகள் சிலவும், செயினின் கண்ணி ஒன்றும், ஒரு சாவித் தொகுதியும், எண்ணெய்ப் புட்டியும். இவ்வளவும் ஒரு பிஸ்கற் பேணிக்குள் அடங்கும். இவற்றின் விலை இன்றும் பெரிதன்று. இவற்றைக் கையாளும் பழக்கமே விலைமதிப்புள்ளது. அதை வீட்டு முற்றத்திலே வண்டியைக் கவிழ்த்து வைத்து இலவசமாகப் பெறலாம். இராம்நாதர் ஹபிகஞ்சிலே பட்டறைவாசனையோடு வளர்ந்தவர் என்பதை இவ்விடத்தில் நினைக்கவேண்டும்.

குயின் வீதியிலிருந்து புறப்பட்டவர் மலாயாவைக் கடந்தார். சிங்கப்பூர்த் தீவை மலாயாவோடு இணைக்கும் ஜொகூர் அணைவீதி முறையாகத் திறக்கப்பட்டு அப்போது ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. சீயம், இந்தோசீனா, சீனா, கொரியா, யப்பான் என்று கீழ்த்திசை முழுவதும் அவர் வண்டி உருண்டது. இடையிலே கடல் வந்தவிடத்துக் கப்பல். அதை அவர் மறைத்தாருமில்லை. அவர் புறப்பட்ட இரண்டரை மாதத்துக்குள், 1931 செப்ரெம்பரில், யப்பானியப் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. ஆகவே அவர் கண்ட சீனா போரின் வாயிலே அகப்பட்ட சீனா. பிற்காலத்தில் அந்நாட்டைப் பற்றி நூல் எழுதியபொழுது, கோயில்களையும் கோபுரங்களையும் எழுதுகின்ற சுற்றுலாக்காரரின் போக்கை விட்டு, மக்கள் பட்ட பாட்டையே அவர் பொருளாகக் கொண்டார்.

யப்பானிலிருந்து கனடாவை அடைந்தார். இந்தியன் ஒருவன் அக்காலத்திற் கனடாக் கரையில் இறங்குவது எளிய செயலன்று. 1914இல் கோமகாட்டா மாரு என்னும் கப்பலில் வன்கூவர் சென்ற 376 பேரில் மிகப் பெரும்பாலோர் இரண்டு மாதம் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டுப் பின் திருப்பியனுப்பப்பட்டதைச் சரித்திரம் படித்தோர் அறிவர். சைக்கிளுக்கு எவ்வளவு எண்ணெய் போட்டாலும் இத்தகைய கதவு திறவாது. வண்டியில் எழுதியிருந்த அந்த ஆங்கில வாசகத்தின் பொருளை இங்கேதான் நான் உணர்கின்றேன். வட அமெரிக்காவில் அந்நாளில் இந்து என்னும் சொல் சமயத்தைக் குறிக்கவில்லை. சீக்கியனாயினும் முஸ்லிமாயினும் இந்தியன் எவனையும் இகழ்ச்சி தோன்றச் சுட்டும் பெயராக அது வழங்கியது. அப்பெயரைத் தாமே எழுதி, எல்லோரும் பார்க்கும்படி, சில்லுகளின் மேல் ஏற்றிச் சென்றார் இராம்நாதர்.

1934இல் ஊர் திரும்பினார். பானியாசோங் மைதானத்திலே வரவேற்பு நடந்தது. அதே ஆண்டில் மறுபடியும் புறப்பட்டார். ஆப்கானிஸ்தான், பாரசீகம், ஈராக், சிரியா, லெபனான், துருக்கி வழியாக ஐரோப்பாவினுட் புகுந்து, பல்கேரியா, யூகோசிலாவியா, ஹங்கேரி, ஒஸ்திரியா, செக்கோசிலோவாக்கியா, செருமனி, ஒல்லாந்து, பெல்சியம், பிரான்சு ஆகிய நாடுகளைக் கடந்து இங்கிலாந்து சேர்ந்தார். மெசொப்பொத்தேமியாவில் முன்னர்ப் படையாளாய் நின்றவர் இப்பொழுது பயணியாய் அம்மண்ணை மிதித்தார். ஆனால் உடல் தளர்ந்துவிட்டது. 1936இற் கப்பலேறிப் பம்பாய் வந்தார். தேறியபின் சாந்திநிகேதனம் சென்று இரவீந்திரநாத தாகூரைக் கண்டார்.

உடல் தளர்ந்தது ஏன் என்பதற்குப் பயணக் கலை அறிந்தோர் ஒரு விளக்கம் சொல்வர். பிரான்சிலே செயின்-எத்தியேன் நகரில் வாழ்ந்த போல் தெ விவி என்பவர், 1853இற் பிறந்து 1930இல் மறைந்தவர், நெடுவழிச் சைக்கிள் ஓட்டத்துக்கு இலக்கணம் வகுத்த பெரியார். வெலோசியோ என்பது அவர் புனைபெயர். புலாலுண்ணாதவர். பசிக்குமுன் உண்க, தாகத்துக்குமுன் பருகுக, களைத்து விழும்வரை ஓட்டற்க, செருக்குக்காகப் பெடலை மிதியற்க என்ற கருத்துப்பட அவர் விதிகள் செய்தார். ஒரே வேகப் பற்சக்கரத்தோடு மலையேறுவது மூடத்தனம் என்று வாதாடி, பல கியர் அமைந்த வண்டிகளை உருவாக்கினார். பிரான்சின் பெரும் போட்டியான தூர் தெ பிரான்சில், ஓடும்போதே செயினை மாற்றும் கியருக்கு அனுமதி 1937இலேதான் கிடைத்தது. அவர் இறந்து ஏழாண்டின் பின். பணமும் பொழுதும் உள்ள பிரெஞ்சுக்காரன் வெலோசியோவின் விதிப்படி உண்ணலாம். அன்றன்று கிடைத்ததை உண்டு, கிடைத்த திண்ணையில் உறங்கும் ஏழை யாத்திரிகனுக்குப் பசிக்குமுன் உண்பது கைகூடுமா? மலிவான பயணத்தின் செலவிலே ஒரு பகுதியை உடம்பே கொடுக்கவேண்டியிருக்கின்றது. இதனை மறைத்து இராம்நாதரைப் புகழ்வது முறையன்று.

ஆயினும் கியரைப் பற்றி வெலோசியோ சொன்னதை ஏழையும் ஓரளவுக்குக் கைக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்திலே மலையில்லை, ஆனால் சோளகம் இருக்கின்றது. ஆனி ஆடியிலே எதிர்க்காற்றில் மானிப்பாய் வீதியால் யாழ்ப்பாணப் பட்டினம் சென்றவனுக்குக் காற்றே மலை என்பது தெரியும். முன்பற்சக்கரத்தில் 44 பல்லும் பின்னே 18 பல்லும் உள்ள வண்டி, பெடலை ஒரு முறை சுற்ற ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் ஓடும். பிறீவீல் என்று கடைக்காரர் சொல்லும் அப்பின்பற்சக்கரத்தை மாற்றி 22 பல்லுள்ளதைப் பூட்டினால் நாலரை மீற்றர் ஓடும். ஓட்டம் குறையும், காலின் சுமையும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். நாள் முழுவதும் மிதிப்பவனுக்கு அது பெரிய இலாபம். செயினுக்கு இரண்டு கண்ணி கூட்டவேண்டி வரலாம்; அவ்வளவே. புது வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் இது தூசு. அந்த இளைஞருக்கு இதனைச் சொன்னேன். கடைக்காரர் தாமும் தலையசைத்தார்.

மூன்றாம் பயணம் 1938இல் தொடங்கியது. கப்பலில் மொம்பாசா சென்று, கென்யா, உகண்டா, நியாசாலாந்து, றொடீசியா, தென்னாபிரிக்கா என்று ஆபிரிக்காவின் கீழ்ப்பாகத்தை வண்டியிற் கடந்தார்; அங்கிருந்து அமெரிக்க ஐக்கிய நாடு சென்று 1940இல் திரும்பினார். இப்பயணமே அவருடைய எழுத்துக்குக் கூர்மை தந்தது என்பது என் எண்ணம். தென்னாபிரிக்காவில் வெள்ளையர்க்கு ஒரு வாயில், வெள்ளையரல்லாதார்க்கு வேறொரு வாயில் என்ற நிலை. அமெரிக்காவின் தென்பகுதியிலும் நிறத்தின்படியே உணவுச்சாலையும் உறங்குமிடமும் பிரிக்கப்பட்டிருந்தன. விலையுயர்ந்த ஆயத்தங்களோடு போகும் பயணி விடுதிக்கு விடுதி தாவிச் செல்கிறான். விடுதிக் கதவு சாத்தப்பட்டவன் ஊருக்குள்ளே போகவேண்டியவனாகிறான். இராம்நாதர் ஆபிரிக்கரின் குடிசைகளையும் ஆங்காங்கே குடியேறியிருந்த இந்தியரின் கடைகளையும் கண்டது அவ்வழியிலேதான். இருண்ட ஆபிரிக்கா, இன்றைய அமெரிக்கா என்று பொருள்படும் பெயர்களில் வங்காளியில் அவர் எழுதிய நூல்கள் இப்பயணத்தின் பயன். இளந் துருக்கியைப் பற்றியும் ஒரு நூல் உண்டு. எல்லாமாக முப்பதுக்கு மேற்பட்ட நூல்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் எழுதியவை இவை என்பதை ஆசிரியர்களாகிய நாம் சற்றே கூச்சத்தோடு எண்ணிப் பார்க்கலாம். பதிப்பகத்தார் முதலில் ஏற்க மறுக்கவே, தாமே ஒரு பதிப்பகம் வைத்து அச்சிட்டு விற்றார்.

1947இல் நாடு பிரிந்தது. குடிவாக்கெடுப்பின் பின் சில்ஹெட்டின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானோடு சேர்க்கப்பட்டது. இத்தனை எல்லைகளைத் தாமே விரும்பித் தாண்டியவரைத் தேடி, இறுதியில் எல்லையே அவர் வீட்டு வாசலுக்கு வந்தது. அவர் பானியாசோங்கை விட்டுக் கல்கத்தா சென்றார்.

இந்த இடத்திலே அளவெட்டியான் ஒருவனுக்குத் தன்னூரை நினையாமல் இருக்க முடியாது. 1990இலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபொழுது மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. ஏனைய யாவும் சைக்கிளின் தலையில் விழுந்தன. விறகு, நெல், நோயாளி, மணமகள், பிரேதப்பெட்டிப் பலகை எல்லாம் கரியரிலே சென்றன. பற்றரி தடைசெய்யப்பட்டதால், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். 1995 யூலையிற் படை எங்கள் பகுதிக்குள் முன்னேறியபொழுது ஒரு முறை ஓடினோம். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், வலிகாமம் முழுவதும் ஒரே இரவிற் பெயர்ந்து, மழையிலே, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. அன்று சைக்கிளில் ஏறி ஓட்டியவர் எவருமில்லை, உருட்டிக்கொண்டு ஊர்ந்தோம்.

அன்று ஒவ்வொரு வண்டியிலும் ஏற்றியிருந்த பொருள்களை நான் மறவேன். அரிசிப்பை, குடை, உறுதிக் கட்டு, கோழிக்கூடு, தையல் மெசின், கிழவி, குழந்தை. ஒருவர் சுவாமிப் படங்களை ஹாண்டிலிற் கட்டியிருந்தார். தவில் ஒன்றும் ஒரு கரியரிலே போர்வை சுற்றிக் கிடந்தது. நாதஸ்வரமும் தவிலும் பேர்பெற்ற எங்கள் ஊருக்கு அது இயல்பே. எவற்றைக் கொண்டு போவது என்று ஆராய ஒரு நாழிகையும் கிடைக்கவில்லை. வழிநெடுகக் கம்பிகள் அறுந்தன, றிம்கள் நெளிந்தன, தையல் மெசின்கள் தெருவோரத்திலே கைவிடப்பட்டன. பம்பும் ஒட்டும் கைவசம் வைத்திருந்தவரைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. இராம்நாதர் ஆண்டுக்கணக்கில் எண்ணித் தெரிந்த மூன்று பொருள்களை, நாங்கள் ஒரே இரவில், இழந்து இழந்து கற்றோம். பாரம் குறைந்தவன் முன்னே போனான் என்று மட்டும் சொல்லமாட்டேன். கிழவியை இறக்கிவைத்து முன்னே போக எவனுக்கு மனம் வரும்? அவருடைய பயணத்துக்கும் எங்களுடையதற்கும் உள்ள தூரம் அதுதான். அவர் தாமாகப் புறப்பட்டவர், தனியாள். அவருடைய கணக்கு எங்களுக்கு அன்று பொருந்தவில்லை.

இராம்நாத் பிஸ்வாஸ் கல்கத்தாவிலே எழுதிக்கொண்டும் தம் நூல்களைத் தாமே பதிப்பித்துக்கொண்டும் இருந்து, 1955ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் காலமானார். வயது 61.

தெய்வேந்திரமுனைக்குப் போக ஆசைப்பட்ட இளைஞரைச் சென்ற வாரம் மறுபடி அதே கடையிற் கண்டேன். பின்சில்லின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி ஓசை பார்த்து இறுக்கிக்கொண்டிருந்தார். 22 பல் பிறீவீல் பூட்டியாயிற்று. டைனமோவை வைப்பதா கழற்றுவதா என்பதிலே அவருக்கும் கடைக்காரருக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. பை வாங்கக் காசு போதவில்லையாம். பழைய ரியூப் ஒன்றை நீளவாட்டில் வாராகக் கீறி, கரியரிலே இரண்டு போர்வைகளை அதனால் இறுக்கிக் கட்டி, வண்டியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். கட்டு அசையவில்லை.